எந்தத் தண்ணீரில் கலப்பது?

மெல்பர்னில் நான் வேலை செய்யும் கார் டீட்டெய்லிங் கடையில் குடிப்பதற்கும் கார் கழுவுவதற்கும் ஒரே குழாய்தான். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர் கேனில், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறது. சேர்ந்த புதிதில், எந்தத் தண்ணீரில் கலப்பது என்று உடன் வேலை செய்யும் பென்னிடம் கேட்டேன். அளவைக் கேட்கிறேன் என்று நினைத்துப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினான். மறுபடியும் கேட்டதும், வெந்நீர் வேண்டுமா என்றான். அதோடு விட்டுவிட்டேன்.

சென்னையில், எங்கள் தண்டையார்பேட்டையில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவைப்படாது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் மூன்றும் ஒரே வீட்டில் இருக்கும். ஒன்றின் சொம்பை இன்னொன்றில் விடமாட்டார்கள். போர் தண்ணீரில் நுரை எழாது என்பதால் கழுவும் மருந்து எதையும் கை கொஞ்சம் தாராளமாகவே ஊற்றும். அந்தக் கையோடுதான் நான் இங்கே வந்தேன். அளவு ஜாடிக்குப் பழகச் சில மாதங்கள் ஆயின.

போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது, பள்ளித் தோழன் சலீமின் வாட்டர் வாஷ் கடைக்கு ஒரு சோதனை வந்திருந்தது. டிராவல்ஸ் முதலாளி ஒருவர் வள்ளூர் அனல்மின் நிலையப் பக்கம் ஓடும் கார் ஒன்றை அனுப்பியிருந்தார். அது பளிச்சென்று வந்தால் மற்ற கார்களும் வரும். வராவிட்டால் சலீம் கடையை மூடிவிட்டுத் துபாய்க்குப் போவான். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. அவன் மனைவி நூர்ஜஹான் அதைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

நான் கடையின் போர் தண்ணீரில் டிகிரீசரை ஜாடி வைத்து அளந்து கலந்தேன். சாம்பலும் எண்ணெயும் சேர்ந்த படலம் கதவு முழுக்க ஈஷிக்கொண்டதே தவிர, போகவில்லை.

"இன்னா மாமு, ஃபாரின் டாக்டரு மாரி மருந்த அளந்துகினு கீற? நல்லா ஊத்து!" சலீம் டிகிரீசர் கேனைத் தூக்கினான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். மருந்து மிஞ்சினால் ஜன்னலைச் சுற்றியுள்ள அலுமினியப் பட்டை வெளுத்துவிடும். வெளுத்தது திரும்பாது.

"அப்போ இன்னாதான் பண்ண சொல்ற? அந்தாளு வந்துகினு கீறாரு!"

உப்பில்லாத தண்ணீர் வேண்டும் என்றேன். சலீம் கடைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நூர்ஜஹான் அடுப்படியிலிருந்த தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"குடிக்கிற தண்ணிய காருக்கு ஊத்தறீங்க. நல்லாருங்க. சோறு வேணும்னா ரெண்டு பேரும் கார நக்குங்க" என்றாள்.

அதே அளவு, கேன் தண்ணீரில். நுரை எழுந்தது. படலம் கறுப்பாக இறங்கி ஓடியது. முதலாளி கைக்குட்டையால் கதவின் உள்விளிம்பைத் துடைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு இன்னொரு காரை அனுப்புவதாகச் சொன்னார். நூர்ஜஹான் அதைக் கேட்டதும் உள்ளே போய்விட்டாள்.

"வந்துடு நைனா. கடைய ரெண்டு பேரா பாத்துக்கலாம்" என்றான் சலீம். அவன் போகாமல் இருக்க வழி சொன்ன நான், அடுத்த வாரம் விமானம் ஏறினேன்.

இப்போது அவன் அடிக்கடி வீடியோவில் கூப்பிடுகிறான். நேற்று நான் ஒரு காரின் சக்கரத்தருகே குனிந்திருந்தபோது கூப்பிட்டான். "இத பாரு மாமு, எவ்ளோ கலீஜா வந்துகீது" என்று அங்கே நின்ற காரின் பானட்டில் சாம்பல் படிந்த இடத்துக்கு அருகில் போனைக் கொண்டுபோனான். பென் ஏதோ கேட்டான், காதில் விழவில்லை. கையிலிருந்த ஈரத்துணியால் அந்த இடத்தை ஒரு இழுப்பு இழுத்தேன். என் போன் திரை சுத்தமானது. பானட் அப்படியே இருந்தது.