அம்புக்குறிகள் திரும்பிய மதியம்

அச்சகத்துக்காரர்களும் வாடிக்கையாளர்களும் அவளை வெர்ஷன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூடப் பிறந்த தம்பிக்கு வெறும் அக்கா. தம்பியின் மனைவிக்கு அண்ணி. மூன்று பேரும் சேர்ந்து ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறைகள் பிடித்து, பெயர்ப்பலகைகளும் வழிகாட்டிப் பலகைகளும் வடிவமைத்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. முதன்முதலில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாள் முழுக்க உட்கார்ந்து அடுக்கிய விலைப்பட்டியல் ஒன்று மின்சாரம் போனதும் திரையோடு சேர்ந்து மறைந்துவிட்டது. அவள் அழவில்லை. மறுநாள் காலையில் உட்கார்ந்து முதலில் இருந்து அடுக்கினாள்; இரண்டாவது முறை அடுக்கியது முதல் முறையை விட நன்றாகவே இருந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு அவளுடைய இடது கை, இமை கொட்டுவது போல, தானாகப் போய் சேவ் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருக்கும். தொலைபேசியில் பேசும்போதும் அழுத்தும். யோசிக்கும்போதும் அழுத்தும். "நீ தூக்கத்துலயும் விரலை ஆட்டுறடி" என்பார் லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர். "ஆட்டட்டுமே. கனவாவது பத்திரமா இருக்கும்ல" என்பாள்.

பிறகு தானாகவே சேமித்துக்கொள்ளும் புதிய மென்பொருள் வந்தது. தம்பிக்கு ஒரே கொண்டாட்டம்.

"இனிமே உன் கைக்கு ரெஸ்ட்டுக்கா. ஆட்டோசேவ் பாத்துக்கும்."

"அது எதைப் பாக்குது? நம்ம வேலையையும் சேவ் பண்ணும், நம்ம தப்பையும் சேவ் பண்ணும். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எல்லாத்துக்கும் ஒரு குத்தம் சொல்லு."

அவள் குற்றம் சொன்னதோடு நிற்கவில்லை. அந்த மென்பொருளின் வெர்ஷன் ஹிஸ்டரியை, அதாவது ஃபைலின் பழைய நிலைகளை வரிசையாகக் காட்டும் பட்டியலை, பொறுமையாகப் பழகினாள். ஆட்டோசேவ் போட்டு வைக்கும் பதிவுகள் வெறும் நேரமும் ஆளின் பெயருமாக நீண்டுகொண்டே போகும். எது எதற்கு என்று யாருக்கும் விளங்காது. அதனால் ஒரு வேலையில் கை வைப்பதற்கு முன்னால் அவளே ஒரு வெர்ஷனுக்குப் பெயர் கொடுத்துவிடுவாள். 'வாடிக்கையாளர் தலையாட்டியது', 'நிறம் மாற்றுவதற்கு முன்', 'இதைத் தொடாதே' என்றெல்லாம் பெயர்கள் இருக்கும். தம்பி சிரிப்பான். அவன் கை வேகமான கை; அவள் ஒரு பலகை முடிப்பதற்குள் அவன் மூன்று முடித்துவிடுவான். அந்த வேகத்தில் அவளுக்கும் பெருமை உண்டு. அதை அவனிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஊரில் புதிதாகக் கட்டிய மருத்துவமனைக்கு வழிகாட்டிப் பலகைகள் செய்யும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. வாசல் முதல் மொட்டைமாடி வரை எல்லாப் பலகைகளும் ஒரே ஃபைலில்; மூன்று பேரும் அவரவர் கணினியிலிருந்தே அதில் வேலை செய்யலாம். அதில் ஓர் அம்புக்குறியை மட்டும் மூலமாக வரைந்து, அதன் நகல்களையே எல்லாப் பலகைகளிலும் வைத்திருந்தார்கள். மூல அம்பைத் தடிமனாக்கினால் நகல்கள் எல்லாம் தடிக்கும். சிவப்பாக்கினால் எல்லாம் சிவக்கும். வேலை சுலபம்.

அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாளில், காலையிலேயே மருத்துவமனைப் பொறியாளரிடமிருந்து அழைப்பு வந்தது. சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதையை முன்வாசலில் இருந்து பக்கவாசலுக்கு மாற்றிவிட்டார்களாம். அவள் வழக்கம் போல ஃபைலுக்கு 'பொறியாளர் கடைசியாக ஒத்துக்கொண்டது' என்று பெயர் கொடுத்துவிட்டு, பக்கவாசல் சுவரை நேரில் பார்க்கக் கிளம்பினாள். சரிவுப்பாதை எந்தப் பக்கம் என்று அங்கிருந்தே தம்பி மனைவிக்குச் சொன்னாள். அவளும் தன் கணினியில் உட்கார்ந்து, அதற்கான பலகைகளைப் புதிதாகச் செய்யத் தொடங்கினாள்.

மதியம் தாண்டி அக்கா மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது. அனுப்புவதற்கு முன் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வயிற்றுவலிக்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டு, பலகை பலகையாக மனதுக்குள் நடந்து பார்ப்பாள். வாசலில் நுழைந்தாள். அம்பு காட்டிய பக்கம் திரும்பினாள். எக்ஸ்ரே அறைக்குப் போக வேண்டியவள் துணி துவைக்கும் இடத்துக்குப் போய் நின்றாள்.

"டேய், இங்க வா. நோயாளிய எங்கடா அனுப்புற?"

தம்பி ஓடி வந்து பார்த்தான். எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தன. அம்புகள் மட்டும் பெரும்பாலான பலகைகளில் எதிர்ப்பக்கம் காட்டின. சிலவற்றில் சரியாகவும் இருந்தன. அதுதான் இன்னும் குழப்பியது.

"நாலஞ்சு பலகையில அம்பு தப்பா இருந்துச்சு அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "நீங்க அவசரத்துல விட்டிருப்பீங்கன்னு நெனச்சு நானே திருத்திட்டேன்."

அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. யாரோ மூல அம்பையே திருப்பியிருக்கிறார்கள். நகல்கள் அத்தனையும் கூடவே திரும்பிவிட்டன. விஷயம் தெரியாமல் தம்பி மனைவி தன் கண்ணில் பட்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிசெய்திருக்கிறாள்.

"மூலத்தை மறுபடி திருப்பிப் போட்டா போச்சு" என்றான் தம்பி.

"போட்டா இவ திருத்துனதெல்லாம் தப்பாயிடும்."

"அப்ப காலை வெர்ஷனை ரீஸ்டோர் பண்ணிடலாம்." அவன் கை மவுஸுக்குப் போயிற்று.

"கையை எடு. ரீஸ்டோர் பண்ணினா சரிவுப்பாதைப் பலகையெல்லாம் காணாமப் போயிடும். காலையில இருந்து உன் பொண்டாட்டி செஞ்ச வேலை அது."

அவன் கையை எடுத்தான். அவள் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, ஒவ்வொரு பதிவாகப் பின்னோக்கிப் போனாள். அம்புகள் சரியாக இருந்த கடைசிப் பதிவும், தப்பாகிப் போன முதல் பதிவும் அடுத்தடுத்து நின்றன. தப்பான பதிவுக்குப் பக்கத்தில் ஆளின் பெயர் இருந்தது. அவளுடைய பெயர்.

தம்பி மனைவி தன் திரையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமினார்கள்.

அவளுக்கு ஒரு கணம் முகம் சூடாயிற்று. பிறகு அந்தப் பதிவின் நேரத்தைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் மருத்துவமனைப் படிக்கட்டில் நின்று சுவரை அளந்துகொண்டிருந்தாள். பொறியாளர் பக்கத்தில் நின்று தூசிக்குத் தும்மிக்கொண்டிருந்தார். தான் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. போகும்போது கணினியை மூடாமல் போனதும் ஞாபகம் வந்தது.

தம்பி தொண்டையைச் செருமினான்.

"நான்தான்க்கா. கண்ணாடிக் கதவு ஸ்டிக்கரை உள்பக்கம் ஒட்டி வெளியில இருந்து பாக்கணும்ல, அதுக்கு அம்பைத் திருப்பணும். உன் ஸ்கிரீன் பெருசுன்னு இதுல உக்காந்தேன். அந்த ஒரு பக்கத்துல மட்டும்தான் திருப்புறேன்னு நெனச்சேன்."

"சரி."

"திட்டிடு. இப்படி சும்மா இருக்காத."

"திட்ட இப்ப நேரமில்ல. இந்த ஹிஸ்டரி யாரு பண்ணாங்கன்னு சொல்லாது, யாரோட நாற்காலியில இருந்துன்னுதான் சொல்லும். நமக்கு வேண்டியது எந்த இடத்துக்குத் திரும்பிப் போறதுங்கிறது. அது கிடைச்சாச்சு."

அவள் எதையும் அழிக்கவில்லை. குழம்பிப் போன ஃபைலுக்கும் 'அம்பு புரண்டது' என்று ஒரு பெயர் கொடுத்து அப்படியே விட்டாள். பெயர் கொடுத்து வைத்திருந்த காலை வெர்ஷனை நகலெடுத்துத் தனி ஃபைலாகத் திறந்தாள். சரிவுப்பாதைப் பலகைகளையும் காலைக்குப் பிறகு மாற்றிய எழுத்துகளையும் தம்பி மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவற்றை மட்டும் புதிய ஃபைலுக்குக் கொண்டு வந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு மூலத்தோடு ஒட்டாத தனி அம்பு ஒன்றைத் தம்பி வரைந்தான். அவனுடைய வேகம் அன்றைக்குத்தான் முழுசாகப் பயன்பட்டது. அவள் இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் வைத்து முடித்திருப்பான்.

"என்னடா இது, விரலா மெஷினா?" என்றாள். அவள் வாயால் அவன் கேட்ட முதல் பாராட்டு அது. அவன் காது சிவந்துவிட்டது.

வேலை முடிந்ததும் மூன்று பேரும் ஆளுக்கொரு நோயாளியானார்கள். தம்பிக்குக் கால் முறிவு, அவன் மனைவிக்குப் பிரசவம், அக்காவுக்குப் பல்வலி. பலகை பலகையாக நடந்தார்கள்.

"பிரசவத்துக்கு ரெண்டு தடவை லிஃப்ட் மாறணுமா அண்ணி? நான் வழியிலேயே பெத்துடுவேன்."

"அது கட்டினவங்க தப்பு. பலகை சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

அவள் கடைசியாக ஒரு பெயர் கொடுத்து, ஃபைலை அச்சுக்கு அனுப்பினாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

அடுத்த நாள் முதல் யாரும் அடுத்தவர் கணினியில் உட்காருவதில்லை என்று தம்பியே சொல்லிவிட்டான். அவனும் வெர்ஷன்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினான். ஆனால் அவன் வைக்கிற பெயர்களைத் தாங்க முடியவில்லை: 'அக்கா பார்த்தாச்சு', 'அக்கா பார்க்கலை', 'அக்கா பார்த்தால் தொலைந்தேன்'. வாடிக்கையாளர் கண்ணில் பட்டால் மானம் போகும் என்று அவள் கத்தினாள். பட்டது, வாடிக்கையாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மருத்துவமனை திறந்த வாரத்தில் அவள் போய்ப் பார்த்தாள். தாடையைக் கையால் தாங்கிப் பிடித்தபடி ஒரு பெரியவர் உள்ளே வந்தார். பேசக்கூட முடியாத வலி போலிருக்கிறது. விசாரிப்பு மேஜைப் பக்கம் திரும்பவே இல்லை. முதல் பலகையை நிமிர்ந்து பார்த்தார், திரும்பினார். இரண்டாவதில் நின்று பார்த்தார், நேரே போனார். அவள் சற்றுத் தள்ளி அவர் பின்னாலேயே நடந்தாள். பல் மருத்துவரின் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே போனதும், அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கால்களை நீட்டிக்கொண்டாள்.