நீல வட்டத்தில் ஓர் ஊக்கு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், தப்பில்லை.

தேர்வாய் கண்டிகையில் ஒரு லேசர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புக் கலத்துக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கும், கண் சிமிட்டுவதற்குள் லேசர் அதில் பாயும், பின்பக்கத்திலிருந்து புரோட்டான்கள் சீறிக்கொண்டு போய் எதிரே வைத்த பிலிமில் விழும், பட்ட இடம் நீலமாகும். தகடும் பிலிமும் மாட்டுவது நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை பிலிமை எடுத்தால் நீல வட்டத்தின் நடுவே வெள்ளையாக ஒரு நிழல். சேலைக்குக் குத்துகிற ஊக்கு. இஞ்சினியர் என் வளையலைப் பார்த்தார், அதில் எப்போதும் இரண்டு மூன்று ஊக்கு தொங்கும்.

"இன்னாம்மா ரேவதி, உள்ள வுட்டுட்டியா? இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா வேலைக்கே வராத."

கலத்தைத் துழாவினோம். ஒன்றுமில்லை.

எனக்கு யேசுதாஸ் மேல்தான் சந்தேகம். பம்ப் ஓட்டுகிறவன், என் இடத்தில் தன் மச்சினியைச் சேர்க்க ரொம்ப நாளாக அலைகிறவன். கேன்டீனில் நேராகவே கேட்டேன்.

"நீதான போட்டு எடுத்த?"

"யக்கா, மாதா மேல சத்தியமா நான் அந்தப் பக்கமே வரல. நீயே வுட்டுட்டு என்னை மாட்டி வுடுறியா?"

மறுநாள் ஊக்கெல்லாம் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். டார்ச் அடித்துப் பார்த்து, நானும் இஞ்சினியரும் சேர்ந்தே கலத்தை மூடினோம். யேசுதாஸை அவர் தன் பக்கத்தைவிட்டு நகரவிடவில்லை. லேசர் அடிக்கும்போது அறைக்குள் ஆள் இருக்கக்கூடாது, மூன்று பேரும் வெளியே வந்து கதவைப் பூட்டினோம்.

நம்பினால் நம்புங்கள், மறுபடியும் ஊக்கு.

"இன்னாக்கா இது?" என்று யேசுதாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாகிவிட்டது.

இஞ்சினியர் இரண்டு பிலிமையும் கவரில் போட்டு ஒட்டினார். அதன்பிறகு எத்தனையோ முறை லேசர் அடித்தாகிவிட்டது, எதுவும் வரவில்லை, என் வேலையும் போகவில்லை.

ஆனால் ஒட்டுவதற்கு முன் நான் பார்த்ததை அவர்களும் பார்த்தார்களா தெரியாது, கேட்கவும் பயம். முதல் பிலிமில் ஊக்கு மூடியிருந்தது. இரண்டாவதில் திறந்திருந்தது. அதன் முனையில் மயிரிழை போல ஒரு நூல், யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி விறைப்பாக. மறுமுனை பிலிமின் ஓரத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது.