மாத்திரை இல்லாத நாட்கள்

தாராவி வீட்டில் காலையில் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை மடக்கி நிற்பார். தையல்கடை இஞ்ச் டேப்பை அவர் புஜத்தில் சுற்றி அளவு பார்த்துச் சொல்வது என் வேலை. பதினாறு என்றால், "சரியாப் பாருல, நேத்து இதைவிட இருந்துச்சு" என்பார். எங்கள் வட்டாரத்திலேயே பெரிய கை அவருடையது. அவர் கண்ணுக்கு மட்டும் அது சிறுத்துக்கொண்டே போனது. பிள்ளைகளே, படத்தில் மட்டும் நீங்கள் பார்த்திருக்கும் உங்கள் பெரியப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தோம். வேலை முடிந்ததும் அவர் தாலீமுக்கு, அதாவது உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்விடுவார். அங்கே ஒருவர் பலத்துக்கு என்று சின்ன மாத்திரைகளைக் கொடுத்தார். டானிக் மாதிரி என்று நாங்களும் நம்பினோம். சில மாதங்களில் ஆள் மலை போல் ஆனார். ஆணழகன் போட்டியில் கோப்பை வாங்கினார். போதும் என்று அவரே மாத்திரையை நிறுத்தினார்.

ஒரு மாதத்துக்குள் தசை வற்றியது. அதைவிட, ஆளே வற்றிவிட்டார். வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். கோப்பை வாங்கியதில் கண் பட்டுவிட்டது என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பார்க்கப் பொறுக்காமல் நானே தாலீமுக்குப் போய் அதே மாத்திரையை வாங்கி வந்து அவர் கையில் வைத்தேன். சில வாரங்களில் எழுந்து உட்கார்ந்து, "என்னல, டேப்பு எங்க?" என்று சிரித்தார். மிளகாயால்தான் என்றாள் அம்மா. பிறகு இரண்டு முறை அவர் நிறுத்தினார். இரண்டு முறையும் நான் வாங்கி வந்தேன்.

கண் மஞ்சளானபோதுதான் மாட்டுங்காவில் ஒரு தமிழ் டாக்டரிடம் போனோம். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார், இல்லை என்றோம். மாத்திரைகளைப் பற்றிச் சொன்னதும், நிறுத்தினால் என்ன ஆகும் என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் பெருமையாகச் சொன்னேன்: "நிறுத்தினா படுத்துக்கிடுதாவ சார். நாந்தான் வாங்கியாந்து குடுப்பேன், எந்திச்சிருவாவ."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஈரல் கெட்டிருக்கு, அதைப் பார்த்துக்கலாம். பெரிய வியாதி நீ இப்போ சொன்னதுதாம்பா. இதுக்கு என் புஸ்தகத்துல பேர் இல்லை. ஆனா குடியை விட முடியாதவாளைப் பார்த்திருக்கேன். அதேதான் இது."

நிறுத்தினால் மறுபடி அந்தச் சோர்வு வரும், மாதக்கணக்கில்கூட இருக்கும், அப்போது மாத்திரை கொடுக்காமல், தனியாகவும் விடாமல், தன்னிடம் கூட்டி வரவேண்டும் என்றார்.

அண்ணன் நிறுத்தினார். டாக்டர் சொன்ன சோர்வும் வந்தது. மாத்திரை கேட்டார், திட்டினார், ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கொடுக்கவில்லை. பிறகு கேட்பதை விட்டுவிட்டார். ஒரு காலை வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே சிரித்தார். அம்மா பூரித்துப்போனாள்.

"மாத்திரை எங்க வாங்குனிய?" என்றேன்.

"கேக்காதல, தம்பி. இன்னைக்கு ஒரு நாள் மனுசனா இருந்துக்கிடுதேன்."

அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. டாக்டரிடம் போவோம் என்று சொல்ல வாயெடுத்தவன், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் சிரித்தார், அன்றும் விட்டுவிட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் மஞ்சள் மறுபடி ஏறி அவரைக் கொண்டுபோய்விட்டது. தாலீம் ஆட்கள் நாலு பேர்தான் தூக்கினார்கள். கனமே இல்லையே என்று அவர்களில் ஒருவர் இந்தியில் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.