கீழமடைக்கு நான் போட்ட உத்தரவு

அயர்லாந்தில் டாக்டராக இருக்கும் என் தங்கை மகன் போன வாரம் ஒரு பட அட்டை அனுப்பியிருந்தான். ஒரு ஏரி, அதற்கு அப்பால் பச்சைக் குன்று, இப்பால் ஒரு கல் மதில், மதிலில் சாய்த்து வைத்த சைக்கிள். பின்பக்கம் எழுதியிருந்தான்: 'மாமா, லீவில் மூன்று நாள் ஏரிகளைச் சுற்றிச் சைக்கிளில் போனேன். மூன்று நாளும் என்னிடம் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அவ்வளவு அமைதி.'

எனக்குப் பொறாமை வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. மூன்று நாளில் ஒரு கேள்விகூடவா இல்லை? நம் நாஞ்சில் நாட்டில் ஒரு குளக்கரையில் சைக்கிளை விட்டு இறங்கிப் பாருங்கள். பீடி பற்றவைக்கும் நேரத்துக்குள் நாலு பேர் வந்து நிற்பார்கள். எங்க உள்ள ஆளு, யாருக்க மோன், இங்க என்ன சோலி என்று வரிசையாக வரும். நானும் ஒருகாலத்தில் மூன்று நாள் இப்படிக் குளம் குளமாகச் சுற்றியவன்தான். கேள்விகளுக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நாங்கள் அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகள். நான் நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த வாத்தியார். பூகோளம் நடத்துவேன். அமேசான் நதி எங்கே உற்பத்தியாகி எங்கே கடலில் விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் சிநேகிதன் தாணு ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஒருநாள் காப்பிக் கடையில் வைத்து அவன் என்னை மடக்கினான்.

"அமேசான் கெடக்கட்டும் மக்கா. பூதப்பாண்டிக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி பொறப்பட்டா, மணக்குடிக் காயலுக்குப் போய்ச் சேரதுக்கு முன்ன எத்தன கொளத்துல தங்கிட்டுப் போவும்? சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது என்பதைப் பிற்பாடுதான் கண்டுபிடித்தேன். ஆனால் கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டது. இங்கே ஒரு குளம் நிறைந்தால் மறுகால் வழியாக வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. தண்ணீர் போகிற வழியிலேயே நாமும் போனால் எண்ணிவிடலாமே என்று தோன்றியது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் காத்திருந்தேன். பண்டிகை முடிந்த மறுநாள் புறப்பட்டோம்.

என் சைக்கிளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போனது அது. அவர் ஆறடிக்கு மேல். நான் ஐந்தடியும் கொஞ்சமும். ஏறுவதற்கு ஒரு கல் வேண்டும், இறங்குவதற்கும் ஒரு கல் வேண்டும். கல் கிடைக்கும்வரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தாணு நின்று பேச நினைத்த இடங்களையெல்லாம் நான் தாண்டிப் போய், எங்கோ ஒரு மைல்கல்லில் அவனுக்காகக் காத்திருப்பேன்.

சாரணர் வகுப்புக்குத் தைத்த காக்கி நிக்கரைப் போட்டிருந்தேன். முள்ளுக்கும் சகதிக்கும் அதுதான் சௌகரியம். தாணு தன் வக்கீலின் சோலாத் தொப்பியை இரவல் வாங்கி வந்து, வெயில் தாங்காது என்று என் தலையில் வைத்தான். அவனுக்குத் தலைவலி கொடுத்ததால்தான் எனக்குத் தந்தான். ஆழம் பார்க்க ஒரு மூங்கில் கம்பை அடிக்கணக்குக்கு வெட்டுப் போட்டு எடுத்துக்கொண்டேன். ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தது.

முதல்நாள் முழுவதும் தாடகை மலை எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது. கரை நெடுக தாழை. குளத்துக்குள் தாமரை இலைகளின் மேல் ஓடுகிற நாமக்கோழிகள். சாயங்காலமானால் குளத்துச் சகதிக்கு ஒரு வாசனை வரும், பாசியும் மீனும் ஈர மண்ணும் கலந்தது. இப்போதும் வீட்டில் மண்பானையைக் கழுவிக் கவிழ்த்தால் எனக்கு அன்று பார்த்த இறச்சகுளம் ஞாபகம் வந்துவிடும்.

அன்று மத்தியானம் தாணுவின் சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு. அவனுக்கு உள்ளே இலை போட்டார்கள், எனக்கு வெளியே. யாருக்க மோன் என்ற கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்கு ஏற்ற இடம் அது. அவியல் நன்றாகத்தான் இருந்தது. வருத்தமில்லாமல் சாப்பிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தாணு பாதியிலேயே எழுந்து கை கழுவிவிட்டான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசவே இல்லை.

இதைச் சொன்னால்தான் மறுநாள் நான் செய்த காரியம் உங்களுக்கு விளங்கும்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு குளத்துக்கு வந்தோம். பெயர் வேண்டாம். அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. குளத்தில் கால்வாசிதான் தண்ணீர். வயல்களில் மாசியில் அறுக்கிற கும்பப்பூப் பயிர் பொதி கட்டி நிற்கிற சமயம், கதிர் தண்டுக்குள் இருக்கும், வெளியே வந்திருக்காது. அப்போது தண்ணீர் இல்லையென்றால் கதிர் வெறும் சாவியாகத்தான் வரும், உள்ளே மணி இருக்காது.

நான் மடைக்குப் பக்கத்தில் இறங்கி, கம்பைத் தண்ணீரில் குத்தி, நோட்டில் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் பத்துப் பேர் கைகட்டி நிற்கிறார்கள். ஒருவர்கூட யாருக்க மோன் என்று கேட்கவில்லை. அந்தக் காலத்தில் காக்கி நிக்கரும் சோலாத் தொப்பியுமாகச் சைக்கிளில் வந்து குளத்தை அளக்கிற ஆள் என்றால் அது மராமத்து இலாகா அதிகாரிதான். கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் தங்கம்மை என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

"ஏமானே, கீழமடைக்கு எப்பம் தண்ணி விடுவிய? மூணு மரக்கா வெதப்பாடு வயலு பொதியில நிக்கி. அத விட்டா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல."

ஏமானே! என் வாழ்நாளில் அதுவரை யாரும் என்னை எஜமான் என்று கூப்பிட்டதில்லை.

அவர்கள் சொன்னதிலிருந்து விஷயம் புரிந்தது. குளத்துக்கு மேலமடை, கீழமடை என்று இரண்டு. மேலமடை வயல்கள் பெரிய வீட்டுக்காரர்களுடையவை. கீழமடையில் தங்கம்மையைப் போல ஏழெட்டுப் பேர் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துப் பயிர் செய்கிறவர்கள். தண்ணீர் குறைந்த வருஷத்தில் மேலமடைக்காரர்கள் போதும் என்று சொன்ன பிறகுதான் கீழமடையைத் திறப்பது வழக்கம். அவர்கள் போதும் என்று சொல்வதே இல்லை. அதை மாற்ற வேண்டுமென்றால் அதிகாரியின் உத்தரவு வேண்டும்.

நான் வெறும் வாத்தியார் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "கீழமடையை நாளைக்கே திறக்கணும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும்" என்றேன். அதை நோட்டிலும் எழுதினேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். மடை திறக்கிற சுடலை என்பவன் குனிந்து, "உத்தரவு" என்றான். தாணு என் முதுகில் கிள்ளினான்.

அடுத்த குளக்கரையில் ஒரு கல் பார்த்து நான் இறங்கும்வரை பொறுத்திருந்தான். பிறகு வெடித்தான்.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? தொறக்கல்லேண்ணா அவ ஒன்ன நம்பி மோசம் போவா. தொறந்துட்டாண்ணா அந்தச் சொடலைக்க கதி என்ன?"

எனக்கு அது முன்னமே உறைத்துவிட்டது. அதன்பின் பார்த்த குளங்கள் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. சுசீந்திரத்தில் தங்கினோம். காலையில் மணக்குடிக்குப் போகும் பாதையில் சைக்கிளைத் திருப்பாமல் நான் வந்த வழியே திரும்பினேன்.

"இனி ஒரு மணிக்கூறுல காயலு. அதையும் பாத்துட்டுப் போவம்லே" என்று தாணு கெஞ்சினான்.

"தண்ணி வந்துதாண்ணு பாக்கணும்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

ஊருக்குள் நுழையும் முன்பே கரையில் சுடலை எங்களை வழிமறித்தான். சுற்றிலும் ஆள் இல்லை. முந்தின நாள் குனிந்து நின்றவன் இப்போது நேராக நின்றான்.

"சாரே, நீங்க மராமத்து இல்ல. அவங்க மடக்கல்லுல உள்ள வெட்டப் பாத்துதான் எழுதுவாவ. கம்பக் குத்திப் பாத்த ஏமான நான் நேத்துத்தான் கண்டேன்."

தொப்பியைக் கழற்றினேன். பிறகு எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். தெரிந்துமா திறந்தாய் என்று கேட்டேன்.

"பத்து பேருக்க முன்ன ஏமான் சொல்லியாச்சு. நான் கேட்டேன், தொறந்தேன். எனக்கா தோணித் தொறந்தா மேலமடைக்காரங்க விடுவாவளா? எத்தன நாளா அந்தப் பயிரப் பாத்துட்டு இருக்கேன். எவனாவது ஒரு வார்த்த சொல்ல மாட்டானாண்ணு இருந்துது."

தூரத்தில் கீழமடை வயல்களில் தண்ணீர் பளபளத்தது. தங்கம்மை வரப்பில் உட்கார்ந்து மண்ணை அள்ளி ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தாள். பயிர் பிழைக்குமா என்று கேட்டேன்.

"நாலு நாளு முன்ன விட்டிருக்கணும். இனி மாசியில அறுக்கும்பம்தான் தெரியும்" என்றான் சுடலை. பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீங்க ஒரு உபகாரம் செய்யணும். இனி இந்தப் பக்கம் வரப்பிடாது. நீங்க வாத்தியாருண்ணு தெரிஞ்சா எனக்க கையக் கால ஒடிப்பாவ. அவளுக்க வரப்பயும் வெட்டி விட்டுருவாவ. எப்பமும் வரப்பிடாது, கேட்டியளா?"

வாக்குக் கொடுத்தேன். அங்கிருந்தே நாகர்கோவிலுக்குத் திரும்பினோம்.

மாசி வந்தது. வைக்கோல் வண்டிகள் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வகுப்பை விட்டு வெளியே ஓடி, எந்த ஊர் வண்டி என்று கேட்க வேண்டும்போல இருக்கும். ஆனால் கேட்டால் நீங்கள் யார், உங்களுக்கு ஏன் என்று திருப்பிக் கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்புவேன். சும்மா இருக்க முடியாத பிறவி நான், எனக்கு அது பெரிய தண்டனை. அந்த ஊரில் ஒரு பழைய மாணவனுக்குக் கல்யாணம் வந்தபோது காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். தாணு ஒருமுறை கேஸ் விஷயமாக வில்வண்டியில் அந்த வழியாகப் போனவன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனானாம். துண்டுக்குள் இருப்பது வீட்டைவிட்டு ஓடிப்போகிற பெண்ணோ என்று வண்டிக்காரன் பயந்துபோனதாகச் சொல்லிச் சிரிப்பான். இப்போது அவனும் உயிரோடு இல்லை.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று நெடுநாள் கழித்துத்தான் சுடலை இறந்துபோன செய்தி என் காதில் விழுந்தது. அதுவும் எப்போதோ நடந்ததாம். மறுநாளே பஸ் ஏறினேன். நிறுத்தத்தில் இறங்கிக் குளக்கரைக்கு வழி கேட்டேன். கேட்ட ஆளுக்கு முப்பது வயதிருக்கும்.

"கொளமா? நீங்க நிக்கியதுதான் கரை" என்றான்.

முன்னால் வரிசையாகப் புது வீடுகள். குளத்தை மண் போட்டு நிரப்பி வெகுநாளாகிவிட்டதாம். கீழமடை வயல் எங்கே என்று கேட்டேன். அவன் கைநீட்டிய பக்கம் வெள்ளையடித்த கற்கள் நட்டு, மனைகளாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

"பிளாட் பாக்க வந்தியளா?"

"இல்லை தம்பி. நான் பள்ளிக்கூட வாத்தியார்" என்றேன்.

ஐம்பது வருஷமாக அந்த ஊரில் சொல்லக்கூடாதென்று பொத்தி வைத்திருந்த உண்மை. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். தங்கம்மையைப் பற்றிக் கடையில் கேட்டேன், கோயில் பக்கம் கேட்டேன், அப்படி ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. அந்த மாசியில் அவள் நெல் அறுத்தாளா, சாவியைத்தான் அறுத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.