ஜெனீனுக்கு வீடு, வெய்னுக்கு இருக்கை

வக்கீல் அறையில் அன்று எல்லாருமே சிரித்தார்கள். ஜெனீன் கஸ்மரெக், வெய்ன் இருவரின் நெடுநாள் கல்யாணத்தைப் பங்கு பிரித்து முடிக்கும்போது கடைசியில் இரண்டு மிஞ்சின. பஃபலோ நகரின் தெற்கு ஓரத்தில் ஒரு சின்ன வீடு. அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில், வருடா வருடம் அவர்கள் பெயருக்கே வரும் இரண்டு சீசன் இருக்கைகள்.

"ரெண்டும் ஒருத்தருக்கே கெடைக்காதும்மா. ஒண்ணைச் சொல்லுங்க" என்றார் வக்கீல்.

ஜெனீன் வீட்டைச் சொன்னாள். புத்தி உள்ள யாரும் அதைத்தான் சொல்வார்கள். வெய்ன் உடனே தலையாட்டினான். அவ்வளவு சீக்கிரம் ஆட்டியதில்தான் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அது பிப்ரவரி; வெளியே பனி முழங்கால் ஆழம். தான்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டு வண்டியை ஓட்டி வீடு வந்து சேர்ந்தாள்.

ஆகஸ்ட் கழிந்து செப்டம்பர் வந்தபோதுதான் விஷயம் உறைத்தது.

சீசனின் முதல் வாரம் வந்தால் அந்த ஊருக்குப் பேய் பிடித்துவிடும். பல் டாக்டர் ஊர் அணியின் நீலச் சட்டையில் பல் பிடுங்குவார். பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தைப் பாதியாக வெட்டிவிடுவார். சவப்பெட்டிக் கடை வாசலில்கூடக் கொடி பறக்கும். இறுதி ஆட்டம் வரை வரிசையாக நாலு வருடம் போய், நாலிலும் தோற்ற அணி அது. அந்தக் காயம் ஆறாத கிழவர்கள்கூடச் செப்டம்பரில் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடப்பார்கள்.

ஜெனீன் அந்தப் பைத்தியத்திலேயே பிறந்து வளர்ந்தவள். எஃகு ஆலையில் வேலை பார்த்த அப்பா அவளைச் சின்ன வயதிலேயே தோளில் தூக்கிக்கொண்டு போய் மைதானத்தைக் காட்டியவர். வெய்னை அவள் பார்த்ததும் அங்கேதான். பீர் வாங்கும் வரிசையில். குழந்தை பிறக்கவில்லை. மைதானத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், ஒரு விளக்குக் கம்பத்தடியில் கூடிய பத்துப் பதினைந்து பேர்தான் அவளுக்கு உற்றார் உறவினர். ஆட்டத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பே வண்டிகளை நிறுத்தி, மடக்கு மேசை விரித்து, அடுப்பு மூட்டுவார்கள். அந்த அடுப்பு ஜெனீனுடையது. மாட்டிறைச்சியை முந்தின நாளே வேகவைத்து, தாளைப்போல் சீவி, கொதிக்கும் சாறில் ஒரு முக்கு முக்கி எடுத்து, கல்லுப்பும் சீமைச் சோம்பும் தூவிய பன்னுக்குள் வைத்துத் தருவாள். மேலே காரமான சீமை முள்ளங்கித் துவையல்; கடித்தால் மூக்கு வழியே கண்ணீர் வரும். பக்கத்து வண்டிக்காரர்கள்கூட ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு தட்டோடு வந்து நிற்பார்கள்.

வெய்ன் கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, குடித்துவிட்டு விழுந்ததில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கிரெட்சனை எங்கோ சந்தித்தான், மனம் அங்கே போய்விட்டது. அவ்வளவுதான். போகும்போது மடக்கு மேசையையும் கூடாரத்தையும் எடுத்துக்கொண்டு போனான். அவை மாட்டியிருந்த இடத்தில் கராஜ் சுவர் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

ஜெனீனுக்கு வேலை ஒரு சூப்பர் மார்க்கெட்டில், இறைச்சியும் சீஸும் சீவித் தரும் கவுண்டரில். முதல் வார ஆட்டத்துக்கு ஊரே அங்கேதான் வந்து நிற்கும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்.

"என்ன ஜெனீன், ஞாயித்துக்கெழம அதே கம்பத்தடிதானே?"

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் அடுத்த கேள்வி காதில் விழாது.

கம்பத்தடியில் தனக்கு இடம் இல்லாமல் போகாது என்றுதான் நம்பியிருந்தாள். இருக்கைதானே வெய்னுக்கு? வெளியே நின்று சமைக்க டிக்கெட் எதற்கு? மார்லீன் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் புருஷன் டேலின் வண்டிதான் முதலில் போய் இடம் பிடிக்கும். மார்லீனிடமிருந்து போன் வரவில்லை. புதன்கிழமை அவளே கவுண்டருக்கு வந்தாள்.

"ஒரு பவுண்டு ஹாம் குடுடி. மெல்லிசா."

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குடி கெளம்புறீங்க?"

மார்லீன் கண்ணாடிக்குள் இருந்த சீஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னும் ஒண்ணும் முடிவாகலடி. மழை வரும்ங்கறாங்க..."

"பனிப்புயல்ல அடுப்புப் பத்த வச்சவங்க நாம. மழைக்கா பயப்படப்போறோம்?"

"ஜெனீன், கோவிச்சுக்காத. டேல் வெய்ன்கிட்ட பேசிட்டாரு. அந்தப் பொண்ணு மொதத் தடவையா வருது. நீயும் அங்க நின்னா எல்லாருக்கும் சங்கடம்டி. இந்த ஒரு ஆட்டம் மட்டும். அப்பறம் மெல்ல..."

"சங்கடம் யாருக்கு? எனக்கா?"

"எங்களுக்குத்தான்" என்றாள் மார்லீன். அதையாவது மறைக்காமல் சொன்னாள்.

ஜெனீன் ஹாமை மடித்துக் கட்டி நீட்டினாள். "வேற என்ன வேணும்?" என்று, முன்பின் தெரியாத வாடிக்கையாளரைக் கேட்பதுபோல் கேட்டாள். மார்லீனின் கண் கலங்கியது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை மதியம் ஒரு பெரிய ஆர்டரை வாங்கிப்போக ஒரு பெண் வந்தாள். சீவிய மாட்டிறைச்சி, சாறு, உப்பு பன், எல்லாம் பதினைந்து பேருக்கு. கிரெட்சன் என்று அவள் பெயர் சொன்னதும் ஜெனீனின் கை நின்றது. கூட வேலை பார்க்கும் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தாள். எஸ்தர் வேறு கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் ஜெனீனா?" ஏப்ரனில் குத்தியிருந்த பெயரைப் படித்த அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. "ஐயோ, எனக்குத் தெரியவே தெரியாது. வெய்ன் இந்தக் கடை பேரு மட்டுந்தான் சொன்னாரு."

"பரவால்ல. எல்லாம் ரெடியா இருக்கு."

கிரெட்சன் போகாமல் நின்றாள். "எனக்கு இந்த ஆட்டமே புரியாதுங்க. யாரு எந்தப் பக்கம் ஓடுறான்னுகூடத் தெரியாது. இதுல சமையலும் என் தலைல. எறைச்சியச் சாறுல எப்பங்க போடணும்? வெய்னைக் கேட்டா, 'அதெல்லாம் எனக்கென்ன தெரியும், ஜெனீன் கண்ண மூடிக்கிட்டுச் செய்வா'ன்னு சொல்லிட்டாரு."

சொல்ல வேண்டியது ஜெனீனின் நாக்கு நுனியில் இருந்தது. சாறும் இறைச்சியும் தனித்தனியாக இருக்க வேண்டும். பரிமாறும் நொடியில் முக்க வேண்டும். பன்னை அப்போதுதான் கீற வேண்டும். இல்லாவிட்டால் இறைச்சி கயிறாகும், பன் கூழாகும்.

"காலைலயே ரெண்டையும் ஒண்ணாப் போட்டு மூடி வச்சிருங்க" என்றாள். "ஊற ஊறத்தான் ருசி. பன்னையும் மொதல்லயே கீறி, சாறு தடவி அடுக்கிருங்க."

"ரொம்ப நன்றிங்க. வேற யாராயிருந்தாலும் மொகம் குடுத்துக்கூடப் பேசியிருக்க மாட்டாங்க" என்று கிரெட்சன் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஜெனீன் யாருக்கும் தவறாகச் சொன்னதில்லை. அன்று முழுக்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சூடு. சந்தோஷம் போலவும் இருந்தது, காய்ச்சல் போலவும் இருந்தது.

ஞாயிறு, வாங்கி வைத்திருந்த விடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தாள். மதியம் வரை கடை திருவிழாவாக இருந்தது. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கியதும் யாரோ அடைப்பைப் பிடுங்கிவிட்டதுபோல் கூட்டம் வடிந்தது. தள்ளுவண்டிகள் அங்கங்கே போட்டபடி நின்றன.

எஸ்தர் பர்மாவின் கரேன் இனத்தவள். தாய்லாந்து எல்லையில் அகதி முகாமில் பல வருடம் இருந்துவிட்டு இந்த ஊருக்கு வந்தவள். ஞாயிறு வேலையில் பழகியவள்.

"ஆட்டம் இருந்தா இந்த நேரத்துல எப்பவுமே இப்படித்தான் இருக்கும்க்கா. நீங்க பாத்ததில்லல்ல" என்றாள். பிறகு, "ஜெயிச்சா ஊருக்கு என்னக்கா குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"தோத்தா?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லுவோம்."

எஸ்தர் லேசாகச் சிரித்தாள். "முகாம்ல நாங்களும் அதான் சொல்லிக்கிட்டிருந்தோம்."

பின்பக்கக் குளிரறையில் மீன் வெட்டுகிறவன் ரேடியோ வைத்திருந்தான். அவன் கத்துகிற விதத்திலேயே புள்ளி எடுத்தது எதிரணியா நம் அணியா என்று தெரிந்துவிடும். ஜெனீன் மெஷின் பிளேடைக் கழற்றிக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். இந்நேரம் கம்பத்தடியில் எல்லாரும் ஊறிப்போன பன்னைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார்கள், யாராவது ஒருவர் தன் பெயரைச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஒரு நினைப்புதான் அன்றைய பொழுதைத் தள்ளியது.

திங்கட்கிழமை மார்லீன் வந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"ஜெயிச்சிட்டோம்டி! கடைசி நிமிஷத்துல! டேல் ஒக்காந்து அழுதாருடி!"

"கேட்டேன்" என்றாள் ஜெனீன். பிறகு, துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"சாப்பாடா?" மார்லீன் யோசித்தாள். "நல்லாத்தானே இருந்துச்சு... பன்னு கொஞ்சம் ஊறிப்போச்சோ என்னவோ. யாருடி அதையெல்லாம் கவனிச்சா? பசி, எல்லாம் காலியாயிருச்சு." குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பொண்ணு நல்லவதான்டி. நீதான் பக்குவம் சொல்லிக் குடுத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச்சு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு."

ஜெனீன் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு வேலைக்குப் போகவில்லை. வெளியூர் ஆட்டம், வீட்டில் டீவி போட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டு டீவி அவளுடையதைவிடக் கொஞ்சம் முந்தி ஓடியது. பந்து இன்னும் காற்றில் பறந்துகொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் ஆரவாரம் கிளம்பிவிடும். எல்லாமே அவளுக்கு முன்னால் யாருக்கோ நடந்து முடிந்திருந்தது. இடைவேளைக்கு முன்பே அணைத்துவிட்டாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய், சீசன் முடிகிறவரை ஞாயிறு எல்லாம் தனக்கே போடச் சொன்னாள்.

"நீயா?" என்றார் அவர். "ஞாயித்துக்கெழம வரச் சொன்னா வேலையே வேணாம்னு போவியே! ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

கவுண்டரில் ஆள் காத்திருந்தார். ஜெனீன் ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மெல்லிசாவா, தடிமனாவா?" என்று கேட்டபடி மெஷினைப் போட்டாள்.