திராட்சைத் தோட்டத்துக் கழிப்பறை

சுற்றுலா எப்படி வேலைவாய்ப்பைப் பெருக்கும் என்று நேற்று தேனியில் ஒரு மணி நேரம் பேசினேன். கழிப்பறை என்ற சொல் அதில் வரவே இல்லை. இன்று கம்பத்துக்குச் சற்று முன்னால், அந்தச் சொல்லைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் காரை நிறுத்தச் சொல்கிறேன்.

சாலையோரத் திராட்சைத் தோட்டம். தேக்கடிக்குப் போகும் குடும்பம் ஒன்று பந்தலுக்கு அடியில் குனிந்தபடி படம் எடுத்துக்கொள்கிறது. ஓரத்தில் பினாயில் மணக்கும் இரண்டு கழிப்பறைகள். போய்விட்டு வந்த நன்றியில் இரண்டு கிலோ பன்னீர் திராட்சை வாங்குகிறேன்.

“எல்லாரும் இப்படித்தாண்ணே,” என்கிறார் தோட்டத்தின் சொந்தக்காரர் ஜெயராணி. “அதுக்குன்னு இறங்குறாக, பழம் வாங்கிட்டுப் போறாக. பறிக்க, சாறு புழியன்னு ஆறு பொம்பளைகளுக்கு இங்கன வேலை. பைபாஸ் திறந்ததுல பாதி வண்டி அங்கிட்டே போயிருது. ரோடு பிரியுற இடத்துல ஒரு போர்டு வச்சாப் போதும். ஹைவேஸ் ஆபீசுல நாலு தடவ மனு குடுத்துட்டேன். இப்படியே போனா மூணு பேர வேலைய விட்டு நிப்பாட்டணும்ணே.”

பத்திரிகையில் கட்டாயம் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். அவர் ஒரு கொத்து கூடுதலாக வைக்கிறார்.

கார் கிளம்பியதும் டிரைவர் சொல்கிறார்: “பத்திரிகை படிச்சுக்கிட்டு எவனும் வண்டி ஓட்ட மாட்டான் சார்.”