கருவண்டல்

கருக்களாச்சேரி மீனவர் குப்பத்துக்குப் பின்னால் கிடந்த அந்தச் சேற்றைப் போல நாறுகிற பொருளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடலோரமாக நீளமாய் ஒரு மணல் திட்டு. அதன்மேல் ராவணன் மீசைப் புல்லும் அடம்புக்கொடியும் படர்ந்திருக்கும். திட்டுக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற கழி. கழியை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் உமரிச் செடி முளைத்த கறுப்புச் சேறு. காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். உருவினால் அழுகின முட்டை வாடை வரும். அதை நிலம் என்று நம்பியவர் காரைக்காலில் என் அத்தான் ஒருவர்தான். நிலம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்.

எழுதுவதுதான் எனக்கு உத்தியோகம். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறுவருஷம், பழைய பிரெஞ்சுப் பத்திரங்களுக்குத் தமிழ்ப் பிரதி எழுதப் பத்திர அலுவலகத்தில் இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். நானும், எதிர் மேசையில் ஒரு மண்டூகமும். இரண்டு பேரிடமும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் இருந்தது. களர் மண் எது, உவர் மண் எது என்று கேட்டிருந்தால் இரண்டு பேருமே திருதிருவென்று விழித்திருப்போம். நான் வயலுக்குப் போனாலும் பூட்ஸைக் கழற்றமாட்டேன். மீன் விற்கிற பெண்கள் பேசுகிற தமிழைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பேன். அந்தக் காலத்து என்னை இன்று தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கமாகப் போய்விடுவேன்.

மண்டூகத்தின் பிரதாபத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பிரெஞ்சில் 'வாஸ்' என்று ஒரு சொல் உண்டு. ஆண்பாலில் வந்தால் பூச்சாடி. பெண்பாலில் வந்தால் உளை, அதாவது கடலோரத்தில் காலை இழுக்கிற சேறு. மண்டூகம் ஒரு பத்திரத்தில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, 'பூச்சாடிக்கு உகந்த மண்' என்று முத்து முத்தாக எழுதி வைத்துவிட்டான். அலுவலகமே ஒரு வாரம் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

இனி அத்தான். என் அக்காளின் புருஷனான அவர் சைகோனில் பிரெஞ்சுக்காரனிடம் துறைமுகக் காவல் பார்த்தவர். அங்கே பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டியதும் இவரும் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு தொப்பி, 'சைகோன்ல' என்கிற ஒரு வார்த்தை. அந்த வார்த்தை இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது. இங்கே மழை பெய்தால் சைகோன்ல இப்படிப் பெய்யாது. குழம்பு கொதித்தால் சைகோன்ல இப்படிக் கொதிக்காது. அங்கே நெல் விளைந்ததையும் பார்த்திருக்கிறார். படகில் போகும்போது, தூரத்திலிருந்து.

அவர் அங்கே இருந்த பதினோரு வருஷமும் அக்காளைக் காப்பாற்றியது பூவத்தில் இருந்த ஐந்து மா நஞ்சை. கல்யாணத்தின்போது அப்பா மஞ்சக்காணியாக எழுதி வைத்தது. மகள் பேருக்குப் பிறந்த வீட்டார் கொடுக்கிற நிலம் அது. புருஷன் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அதன் நெல் அவள் வீட்டுக்கு வந்துவிடும். அந்த நெல்லில்தான் அவள் இரண்டு பெண்களை வளர்த்தாள். அத்தான் போட்ட கடிதங்களை வைத்து உலை கொதிக்கவிடவா முடியும்?

அந்த ஐந்து மாவின்மேல் தருமபுரத்துப் பெரிய மனிதர் ஒருவருக்குக் கண். அதற்குப் பதிலாகக் கருக்களாச்சேரிக்குப் பின்னால் இருக்கிற தன் இடத்தில் ஒரு வேலியை மாற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். ஒரு வேலி என்றால் இருபது மா. ஒன்றுக்கு நாலாக ஒருவன் கொண்டுவந்து நீட்டினால், ஏன் நீட்டுகிறான் என்று கேட்கவேண்டாமா? அத்தான் கேட்கவில்லை.

“சைகோன்ல இந்த மாதிரி சேத்துலதான் மாப்ள நெல்லு ஆள் உசரத்துக்கு நிக்கிது. இங்க உள்ளவனுக்கெல்லாம் மூளை கெடையாது” என்றார்.

அக்காள் மட்டும் தயங்கினாள். “பத்திரத்துல என்ன மண்ணுன்னு போட்டிருக்குன்னு தம்பி பாத்துச் சொல்லட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறேன்” என்றாள்.

அந்த இடத்தின் பழைய பிரெஞ்சுப் பத்திரம் என் மேசைக்கு வந்தது. 'வாஸ் நுவார்' என்று இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாத பெண்பால். கறுப்பு உளை. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உளை என்பது மீன் விற்கிற பெண்கள் வாயில் புழங்குகிற சொல். முத்திரை குத்துகிற தாளில் அதை எழுத எனக்குக் கை கூசியது. சேறு என்று எழுதினால் மண்டூகம் சிரிப்பானே என்றும் இருந்தது. சொல் கம்பீரமாக இருக்கவேண்டும். 'கருவண்டல்' என்று எழுதினேன். எழுதிவிட்டு ஒரு தரம் வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன், அசட்டுத்தனத்துக்கு அளவே இல்லை. வண்டல் என்பது காவிரி கொண்டுவந்து போடுகிற மண். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கத்துக் குடியானவன் கண்ணை மூடிக்கொண்டு நம்புவான். எனக்கு அதன் ஓசைதான் பெரிதாக இருந்தது.

கையெழுத்துக்கு முந்தின நாள் நிலத்தைப் பார்க்க மாட்டு வண்டியில் போனோம். அத்தான் தொப்பியோடு மணல் திட்டின்மேல் ஏறி நின்று, எங்கே கரை, எங்கே மடை என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அக்காள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, ஒரு கை சேற்றை அள்ளி மோந்து பார்த்தாள். பக்கத்தில் கருக்களாச்சேரிப் பெண் ஒருத்தி நண்டு வளைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து அக்காளைப் பார்த்துச் சிரித்தாள்.

“இதுலயாம்மா நெல்லு போடப் போறீங்க? இது உளைங்க. ஈரமா இருக்கற வரைக்கும் சும்மா கெடக்கும். அள்ளி மேட்டுல போட்டுக் காஞ்சுதுன்னா அந்த எடத்துல புல்லு பூண்டு மொளைக்காது” என்றாள்.

அக்காள் என்னைப் பார்த்தாள். “நாத்தம் கொடலப் புடுங்குதே தம்பி.”

“எருவுந்தான் நாறுது. பத்திரத்துல கருவண்டல்னு இருக்கு. நண்டு புடிக்கிறவ சொல்றதக் கேட்டுக்கிட்டு நிக்கிறியே” என்றேன்.

அக்காள் கழித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வண்டியில் ஏறினாள். மறுநாள் கையெழுத்துப் போட்டாள்.

மாசி மாதம் அத்தான் கழியின் வாயை மண் போட்டு அடைத்துச் சுற்றிலும் கரை எழுப்பினார். சித்திரை வெயிலில் உள்ளே இருந்த சேறு காய்ந்தது. காயக் காய நிலம் அமுங்கிக்கொண்டே போனது. வெளியே கழி மேட்டில் நிற்க, உள்ளே நிலம் பள்ளத்தில் கிடந்தது. ஆள் கால் நுழைகிற வெடிப்புகள் விட்டன. வெடிப்புகளின் ஓரமெல்லாம் வெளிறின மஞ்சள் படிந்தது. மண் பொன்னாக மாறுகிறது என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மஞ்சக்காணி கொடுத்து வாங்கினதால் மஞ்சள் பூசிக்கொண்டு வந்திருக்கிறது என்று அக்காள் சிரித்தாள். அந்த நிலத்தைப் பற்றிப் பேசி அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

ஐப்பசியில் மழை இறங்கியது. உள்ளே தேங்கின தண்ணீர் அடிமண் தெரிகிற அளவுக்குத் தெளிந்து நின்றது. சேற்று நிலத்தில் தண்ணீர் ஏன் இப்படித் தெளிகிறது என்று சந்தேகப்பட எங்களில் ஒருவருக்கும் புத்தி இல்லை. குஞ்சு மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வண்டி மாடு வாயை வைத்துவிட்டுத் தலையை உதறியது. நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பைவிட முந்திக்கொண்டு வந்தது படிகாரம் கரைத்ததைப் போன்ற ஒரு புளிப்பு. உப்பைத் தாங்கும் என்று குழியடிச்சான் நெல்லைத் தேடி வாங்கி நட்டிருந்தார்கள். பத்து நாளில் பயிர் துரு நிறத்துக்கு வந்து படுத்துவிட்டது. மறுவருஷம் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டு மண் பழையபடி புளித்தது.

பிறகு விவசாய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். கரையைவிட்டு இறங்காமல், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு விளக்கம் சொன்னார்.

“கடல் தண்ணியோட கந்தகம் இந்தச் சேத்துல காலங்காலமா சேந்து கெடக்கு. தண்ணிக்கடியில இருந்தா ஒண்ணும் பண்ணாது. காத்து பட்டா அமிலமாயிடும். நீங்க காய விட்டிருக்கவே கூடாது.”

நண்டு பிடிக்கிறவள் சேற்றில் நின்றுகொண்டு முன்கூட்டியே சொன்னதை, இவர் எல்லாம் முடிந்த பிறகு ஜீப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அத்தான் அதற்கும் மசியவில்லை. கொடி மாறியதிலிருந்து மண்ணும் கெட்டுப்போய்விட்டது என்று சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். அந்த நாற்காலியோடு அவரைத் தூக்கிக் கழியில் போடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவருக்காவது சைகோன் என்று ஒரு மயக்கம் இருந்தது. மண்டூகம் பூச்சாடி என்று எழுதினானே, அதனால் ஒருவர் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. எழுதியதன் அர்த்தம் தெரிந்தே எழுதியவன் நான் ஒருவன்தான்.

அக்காள் அரிசியை விலைக்கு வாங்கத் தொடங்கினாள். படி அரிசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருவாள், திருடிக்கொண்டு வருகிறவளைப் போல. தை மாதம் பூவத்துப் பக்கம் உறவில் ஒரு கல்யாணம் வந்தபோது, தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். அங்கே போகிற பாதை அவளுடைய பழைய ஐந்து மாவை ஒட்டிப் போகிறது. அறுப்பு நேரம்.

மூன்றாவது கோடையில் ஒரு நாள் எனக்கு ஆள் அனுப்பினாள். பழைய பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு நிலத்துக்கு வரச் சொன்னாள். நான் போனபோது, கழியின் வாயை அடைத்திருந்த கரைமேல் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“பிரெஞ்சுல என்ன போட்டிருக்கு? அதுல உள்ளத அப்படியே படி.”

“வாஸ் நுவார்.”

“அப்படின்னா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை. “கறுப்பு உளை” என்றேன்.

“அன்னைக்கே தெரியுமா உனக்கு?”

“தெரியும்க்கா.”

காய்ந்து மஞ்சள் பூத்துக் கிடந்த நிலத்தின் பக்கம் அவள் திரும்பினாள்.

“அந்த நண்டுக்காரி தமிழ்லயே சொன்னாளேடா. என் மூக்கும் சொல்லுச்சு. ரெண்டையும் தள்ளிட்டு உன் எழுத்தத்தானே நம்புனேன்.”

கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் மண்வெட்டியை ஓங்கிக் கரையில் போட்டாள். நாலு வெட்டில் தண்ணீர் கசிந்தது. இன்னும் நாலு வெட்டில் கழி உள்ளே ஓடிவந்தது. “குடுக்கா, நான் வெட்டுறேன்” என்று கையை நீட்டினேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

“நீ தள்ளி நில்லு தம்பி. பூட்ஸுல உளை ஒட்டிக்கும்.”

நான் தள்ளித்தான் நின்றேன்.